வெள்ளையில் ஒரு வரி

சாம்பசிவன் சாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "காந்திமதி, நீயா இப்படி?" என்று யாரும் என்னிடம் வந்து நிற்கக் கூடாது. ஆமாம், நான்தான். நான் இப்படித்தான்.

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. ஜெராக்ஸ், கலர் பிரின்ட், லேமினேஷன். பின்னால் ஒரு அறையில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு வகுப்பும் நடத்துகிறேன். 'வெப் பேஜ் டிசைன், அடிப்படை, பதினைந்து நாள்' என்று வாசலில் போர்டு. நான் பாலிடெக்னிக் படித்தவள். பெரிய படிப்பு இல்லை. ஆனால் என்னிடம் படித்துப் போனவர்களில் நான்கு பேர் நாவலூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அதனால் என் படிப்பைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கட்டம் போட்ட நோட்டு. வாசலில் வந்து நின்றவர் செருப்பை நேராக ஒரே கோட்டில் கழற்றி வைத்தார். அந்தச் செருப்பு வைக்கிற அழகைப் பார்த்த உடனேயே நான் எழுந்துவிட்டேன். முகத்தைப் பார்த்தேன். அவரேதான். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எத்தனை பேரை அடித்த கை! எல்லா முகத்தையும் ஞாபகம் வைக்க முடியுமா?

சாம்பசிவன் சாரின் வகுப்பில் இரண்டு சட்டங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. இரண்டாவது, எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு என்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே சரியாக எழுத வேண்டும். "எழுதினது எழுதினதா இருக்கணும். அழிக்கிறவன் திருடன்" என்பார். யாரிடமாவது ரப்பர் இருந்தால் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிவார். ஒருநாள் நான் விரலில் எச்சில் தொட்டு ஒரு எண்ணை அழித்துவிட்டேன். மரஸ்கேலைப் படுக்கப் போட்டு அடித்தாலாவது பரவாயில்லை, நிறுத்திப் பிடித்து விரல் முட்டியில் அடித்தார். தோல் கிழிந்தது. "மாடு மேய்க்கிற வீட்டுக்கு எதுக்குடி கணக்கு?" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது மாடு இருந்தது உண்மைதான். இருந்தால் என்ன?

இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. வலது கை நடுவிரல் முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த விரலால்தான் அவருக்கு மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

"எனக்கு ஒரு வெப் பேஜ் பண்ணக் கத்துக்கணும். நானே பண்ணணும். யார்கிட்டயும் குடுத்துப் பண்றதா இல்ல" என்றார்.

"இன்னா பேஜ் சார்?"

"என் பொண்ணுக்கு வரன் பார்க்கிறேன். பயோடேட்டா."

விஷயம் என்னவென்றால், அவர் மகளின் பழைய பயோடேட்டா ஒன்று வாட்ஸப் குழுக்களில் எட்டு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர்கள் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பி. இருபத்து நாலு வயதுப் போட்டோவைப் பார்த்துவிட்டு இப்போதும் யாராவது போன் செய்கிறார்கள். ஒருமுறை கைவிட்டுப் போனதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. வெப் பேஜ் என்றால் லிங்க் மட்டும் போகும், உள்ளே இருப்பது தன் கையில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரியான யோசனைதான். மனிதர் முட்டாள் இல்லை.

அவர் மகள் மிருதுளாவை எனக்கு நன்றாகத் தெரியும். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் ஃபிசிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறாள். முப்பத்திரண்டு வயது. சின்னப் பற்கள், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். என் கடைக்குத்தான் கேள்வித்தாள் பிரின்ட் எடுக்க வருவாள். "அக்கா, உங்க கிளாஸ் நல்லா இருக்குன்னு என் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொல்றேன்" என்று சொல்லி, சனிக்கிழமை வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகளை அனுப்பி வைத்தவள் அவள்தான். அந்தச் சனிக்கிழமை வகுப்பு இல்லையென்றால் போன வருஷமே நான் பின்னறையை மூடியிருப்பேன். அவள் இவருடைய மகள் என்பது அந்தத் திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இந்த மனிதருக்கு அப்படி ஒரு பெண்ணா என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

முதல் நாள் பாடம். எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்.

"எச்டிஎம்எல்னா ஆளு சார். சிஎஸ்எஸ்னா அந்த ஆளு போட்டுக்கினு கீற சட்டை. சட்டைய மாத்துனா ஆளு மாறமாட்டான். நீங்க எழுதுற விஷயம் எச்டிஎம்எல்ல இருக்கும். அது இன்னா கலர்ல, எவ்ளோ பெருசா, எந்தப் பக்கம் தெரியணும்னு சிஎஸ்எஸ் சொல்லும்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதாவது, எழுதுறது ஒரு இடம். காட்டுறது இன்னொரு இடம்."

"அதேதான் சார்."

நோட்டில் எழுதி, ஸ்கேலை வைத்துக் கீழே இரண்டு கோடு போட்டார். அப்போது எனக்கு அது வெறும் பாடமாகத்தான் பட்டது.

இரண்டாம் நாள் என் நாள். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் செமிகோலன், அதாவது அரைப்புள்ளி, போட வேண்டும். மகள் பெயரை நீல நிறத்தில் பெரிய எழுத்தில் கொண்டுவர இரண்டு கட்டளை எழுதினார், நடுவில் செமிகோலனை விட்டுவிட்டார். நிறமும் மாறவில்லை, அளவும் மாறவில்லை. "மெஷின் சரியில்ல" என்றார்.

"மெஷின் சரியாத்தான் கீது. நீங்கதான் புள்ளிய வுட்டீங்க. ஒரு புள்ளி வுட்டா பூஜ்யம் சார், பாதி மார்க்கெல்லாம் கெடையாது. நோட்ட எடுங்க. பத்து வாட்டி எழுதுங்க."

பக்கத்தில் மூன்று கல்லூரிப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபத்தைந்து வயது மனிதர், 'கலர், புளூ, செமிகோலன்' என்று பத்துத் தடவை எழுதினார். ஏழாவது வரியில் தப்பு வந்தது. அழிக்கவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதினார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு இனித்தது தெரியுமா? பொய் சொல்ல மாட்டேன், அன்று மத்தியானம் இரண்டு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பின்னணி நிறம், ஓரம், இடைவெளி. சாயங்காலத்துக்குள் பக்கம் தயாராகிவிட்டது. வெள்ளைப் பின்னணி, நடுவில் போட்டோ, கீழே பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை. வீட்டுப் பாடம் செய்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கல்லூரி விட்டதும் மிருதுளாவை நேராகக் கடைக்கே வரச் சொல்லியிருந்தார்.

அவள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரியில் நின்றாள். 'முதல் திருமணம்: மே 2019. நான்கு மாதத்தில் பிரிவு. 2021-ல் சட்டப்படி விவாகரத்து.' மற்ற வரிகளைப் போலவே கறுப்பில், அதே அளவில்.

இது அவள் போட்ட நிபந்தனை. முதலில் அவளைக் கட்டியவனுக்கு ஏற்கெனவே வேறு ஊரில் ஒரு பெண்டாட்டியும் குழந்தையும் இருந்தார்கள். மறைத்துக் கட்டிவைத்தார்கள். நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதுதான் இவளுக்குத் தெரிந்தது. அதைத்தான் அவள் எனக்கு ஒருநாள் பிரின்ட் எடுத்துக்கொண்டே, ஏதோ பஸ் லேட்டாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "என்னை மறைச்சுக் கட்டினாங்கக்கா. நான் யாரையும் மறைச்சுக் கட்டிக்க மாட்டேன். எல்லாம் தெரிஞ்சு ஒருத்தன் வந்தா வரட்டும், இல்லாட்டி வேண்டாம்."

கம்ப்யூட்டர் முன்னால் நின்று அப்பாவிடம் அதையே கேட்டாள். "இந்த வரியை எடுக்கக் கூடாதுப்பா. எடுத்தீங்கன்னா நான் எந்த மாப்பிள்ளை முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். அம்மா போட்டோ முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"எழுதினதை நான் என்னைக்கும்மா அழிச்சிருக்கேன்?"

அவள் சிரித்தாள், கண் மூடிக்கொண்டது. என் பக்கம் திரும்பி, "அக்கா, எங்க வீட்ல ரப்பரே கிடையாது தெரியுமா?" என்றாள்.

தெரியும் தாயே. எனக்கா தெரியாது?

நான்காம் நாள் காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றார். பாடம் போதுமாம். கடைசியாக ஒரு மாற்றம் வீட்டிலேயே செய்தாராம், சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பக்கத்தைத் திறந்தேன். போட்டோ, பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை. அதற்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். அதற்குக் கீழே போன் நம்பர்.

வெற்றிடத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தேன். நீலப் பட்டைக்குள் எழுத்துகள் எழுந்து வந்தன. மே 2019. நான்கு மாதம். விவாகரத்து.

"இன்னா சார் இது?"

"வரி இருக்கா?"

"கீது."

"அழிச்சேனா?"

"இல்ல. வெள்ளைல எழுதிக்கீறீங்க. வெள்ளை மேல வெள்ளை. எவன் கண்ணுக்குத் தெரியும்?"

"நீதானே சொன்னே, எழுதுறது ஒரு இடம், காட்டுறது இன்னொரு இடம்னு. எழுதியிருக்கேன். அழிக்கல. பொய் சொல்லல. யாராவது நேரா வந்து கேட்டா, ஆமான்னு சொல்லுவேன். கேக்காத கேள்விக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

இந்த மனிதர் தன்னை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கவே இல்லை. முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி கிடையாது. கணக்கு சரியாக முடிந்த திருப்தி. சத்தியமும் நிற்கிறது, மானமும் நிற்கிறது.

"மிருதுளாவுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"அவ பார்த்துட்டா, நேத்தே. இனிமே அவ எதுக்குப் பார்க்கணும்? நீ உன் வேலையைப் பாரு. மூணு நாள்ல முடியற விஷயத்துக்குப் பதினஞ்சு நாள்னு போர்டு போட்டு ஊரை ஏமாத்திக்கிட்டு இருக்கே. உங்களுக்கெல்லாம் கடை எதுக்கு? பேசாம பழைய தொழிலையே பார்த்திருக்கலாம்."

பழைய தொழில். அதாவது மாடு. ஆக, அடையாளம் தெரிந்திருக்கிறது! இந்த நான்கு நாளில் எந்த நாளோ, தெரியாது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆத்திரத்தில் மேஜைமேல் இருந்த என் போனை எடுத்தேன். அவர் அனுப்பியிருந்த லிங்க் அதில் இருந்தது. சும்மா, கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று திறந்தேன். என் போனில் டார்க் மோட் போட்டிருக்கிறேன், கண் எரிச்சலுக்காக. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கி, கறுப்பு எழுத்தைச் சாம்பலாக்கிவிடும்; வெள்ளை எழுத்தைத் தொடாது. சாம்பசிவன் சாரின் பக்கம் கறுப்பாகத் திறந்தது. அந்தக் கறுப்பில் அந்த ஒரு வரி, மற்ற எல்லா வரியையும்விடப் பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

முழுக்கத் தெரிகிறது. டார்க் மோட் வைத்திருக்கிற எவன் பார்த்தாலும் தெரியும். இந்த ஊரில் பாதிப் பேர் போன் அப்படித்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சார், இதைப் பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டியிருந்தால் போதும், அரை நிமிஷ வேலை. அல்லது மிருதுளாவுக்கு ஒரு போன். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நல்லா கீது சார். எவனும் கண்டுபுடிக்க மாட்டான்" என்றேன்.

மாட்டட்டும் என்று நினைத்தேன். நாலு பேர் நடுவில் மாட்டட்டும், நாற்பது பேர் சிரிக்கட்டும். அடி யார்மேல் விழும் என்று அந்த நிமிஷத்தில் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். யோசித்தேன். யோசித்துவிட்டு, 'அவ சமாளிச்சுக்குவா' என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வரன் வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக் குடும்பம். அம்மா வேதா, அப்பா இல்லை. மகன் ஷ்யாம்சுந்தர் நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். "பக்கத்தை முழுசாப் படிச்சோம், எங்களுக்குச் சம்மதம், ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்று வேதாம்மா போனில் சொன்னார்களாம். சார் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "முழுசாப் படிச்சாங்களாம்" என்று சொல்லும்போது அவர் உதட்டில் வந்த சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜாதகம் கலரில் இரண்டு பிரதி எடுத்து, லேமினேட் செய்து, வீட்டில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்.

கொண்டுபோனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன். ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கூடத்தில் சோபாவில் வேதாம்மா, பக்கத்தில் மகன். மேஜைமேல் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. வேதாம்மாவுக்குக் குளிர்ச்சியான முகம். கண் ஆபரேஷன் ஆனவர்கள் போல, வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண் கூசுகிறவர்கள் போனிலும் டார்க் மோட்தான் போட்டிருப்பார்கள் என்று கண்ணாடியைப் பார்த்ததும் எனக்குப் பட்டது. ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "அட, நீயும் உக்காரும்மா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்கள் அந்த அம்மா. ஓரமாக உட்கார்ந்தேன். உள்ளே மிருதுளா காப்பி கலக்குகிற சத்தம் கேட்டது.

வேதாம்மாதான் ஆரம்பித்தார்கள். "சார், ஒரு விஷயம். ஃபோன்ல சொல்றது நல்லா இருக்காதுன்னு நேர்ல வந்தேன். இவனுக்கு ஆறு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு. ஒத்துவரல, பிரிஞ்சுட்டாங்க. குழந்தை கிடையாது. பேப்பரெல்லாம் கொண்டுவந்திருக்கேன், நீங்க பார்க்கலாம்."

சாம்பசிவன் சார் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "இதை மறைச்சுட்டா என் வாசப்படி ஏறினீங்க? என்ன தைரியம்! நாங்க மானம் மரியாதையா வாழ்ற குடும்பம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? மறைச்சுக் கட்டிவெக்கிறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும்ங்க, நாங்க பட்டிருக்கோம்!"

ஐயோ, என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இந்த மனிதர் மறைப்பதைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்!

வேதாம்மாவுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "சார், உக்காருங்க. பத்து இடத்துல சொல்லி, பத்து இடத்துலயும் கதவைச் சாத்திட்டாங்க. உங்க பொண்ணுக்கும் இப்படி ஆயிருக்கேன்னுதான், புரிஞ்சுப்பீங்கன்னு நேர்ல சொல்ல வந்தேன். நீங்களே தைரியமாப் போட்டிருந்தீங்களே. அதைப் பார்த்துத்தான் இந்த வீட்ல சம்பந்தம் பண்ணணும்னு நான் இவன்கிட்ட சொன்னேன்."

"எங்க போட்டிருந்தேன்?" என்றார் சார்.

வாத்தியாரே, வாய் தவறிவிட்டதே!

வேதாம்மா போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். "முதல் திருமணம், மே ரெண்டாயிரத்துப் பத்தொன்பது. நான்கு மாதத்தில் பிரிவு..."

ஷ்யாம்சுந்தர் தன் போனில் பக்கத்தைத் திறந்தான். "என்கிட்ட அந்த வரி இல்லையேம்மா. நீ சொன்னியேன்னு நான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன்." அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தான். அம்மாவின் போன் கறுப்பு, அவனுடையது வெள்ளை. தன் போனில் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து அழுத்தினான். எழுத்து எழுந்து வந்தது. அந்தத் தொழிலில் இருப்பவன், அவனுக்கு ஒரு நொடி போதும்.

"வெள்ளையில எழுதியிருக்காங்கம்மா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு" என்றான்.

மிருதுளா காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திடீரென்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "இவதான் பண்ணா! இந்தக் கடைக்காரி. எனக்கு என்னங்க கம்ப்யூட்டர் தெரியும்? நான் எழுதித்தான் குடுத்தேன், இவ என்ன பண்ணித் தொலைச்சாளோ!"

எழுதியதை அழிக்காத மனிதர், கேட்டால் உண்மையைச் சொல்வேன் என்ற மனிதர். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பச்சைப் பொய் அது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ், இன்னாயா சொல்ற? நானா பண்ணேன்? நாலாம் நாள் காத்தால கடை தொறக்கச் சொல்லோ வந்து நின்னது யாரு? 'எழுதியிருக்கேன், அழிக்கல, கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் சொல்லணும்'னு சொன்னது யாரு? என் போன்லயும் அன்னிக்கே தெரிஞ்சுதுயா, பளிச்சுனு தெரிஞ்சுது! மாட்டட்டும்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மிருதுளா தட்டை மேஜைமேல் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வேதாம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய்க் கன்னத்தைத் தொட்டார்கள். "உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுதும்மா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வரிக்காகத்தான் நான் வந்தேன். ஆனா உங்கப்பா இன்னும் எதை எதை வெள்ளையில எழுதியிருக்கார்னு நான் எப்படித் தேடறது? என் பையன் ஒருதடவை பட்டுட்டான்." மகனைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினார்கள். அவன் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மிருதுளா பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு நான் பொண்ணு. ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்தார், பண்ணிட்டார். உங்களுக்கு நான் என்னக்கா பண்ணேன்?"

நான் என்ன சொல்வேன்? எட்டாம் வகுப்பில் உன் அப்பா என்னை அடித்தார் என்றா? விரலைக் காட்டுவதா? முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் வாழ்க்கைக்கு எதிரில் ஒரு முட்டித் தழும்பு. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். லேமினேஷன் காசுகூட வாங்கவில்லை என்பது பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு ஞாபகம் வந்தது, அந்த நேரத்திலும் அது ஞாபகம் வந்ததே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரமே மிருதுளா பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அப்பா போன் செய்தால் எடுப்பதில்லையாம். இதெல்லாம் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் சொல்லித் தெரியும். ஆம், அவர்கள் வருவது நிற்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. இந்த ஜூனில் புதிதாக இன்னும் மூன்று பேரை அனுப்பி வைத்தாள். நிறுத்தித் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, சாம்பசிவன் சார் வந்தார். சட்டை இஸ்திரி போடாமல் கசங்கியிருந்தது. செருப்பு மட்டும் நேர்கோட்டில். போன் விஷயம், பொய் விஷயம், மகள் விஷயம் எதுவும் பேசவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து, 'பாடம் நான்கு' என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. வரியைக் கறுப்பாக மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாற்றிவிட்டு மகளுக்கு லிங்கை அனுப்புவார், அவள் திறந்து பார்ப்பாள், ஒருவேளை போனை எடுப்பாள் என்று நானாகவே என்னென்னவோ நினைத்தேன். என் தலையில் இருந்தும் ஒரு மூட்டை இறங்கும் அல்லவா?

"ஒரு கேள்வி" என்றார். "டார்க் மோட்லயும் தெரியக் கூடாது. விரலால அழுத்தினாலும் வரக் கூடாது. ஆனா வரி உள்ள இருக்கணும், அழிக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி இருக்கா?"

"சார், பொண்ணே வீட்ல இல்ல. யாருக்கு சார் இந்த பேஜ்?"

"நல்ல வரன் வந்தா வருவா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

எழுந்து அவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். அல்லது காலில் விழுந்து, வேண்டாம் சார், விட்டுவிடுங்கள் என்று அழுதிருக்க வேண்டும். மிருதுளாவின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது, அவளைக் கூப்பிட்டாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"கீது சார். டிஸ்ப்ளே, நன், செமிகோலன்" என்றேன்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே இருக்கட்டும், வெளியே காட்டாதே என்று அதற்கு அர்த்தம். அவர் எழுதிக்கொண்டார். செமிகோலனை மறக்கவில்லை. தானே கம்ப்யூட்டரில் அடித்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். நானும் என் போனில் திறந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் அந்த வெள்ளை வரி இல்லை. வெள்ளையில் எழுதியிருந்தபோது ஒரு வரி அளவுக்கு இடமாவது காலியாகக் கிடந்தது. இப்போது போன் நம்பர் மேலே ஏறி, வேலை பற்றிய வரிக்கு அடியிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே ஏதோ இருந்தது என்பதற்கு இடம்கூட இல்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா கீது சார்" என்றேன்.